இடம் பார்க்கும் முன் துடிப்பைக் கேட்க வைத்தேன்

கரு எங்கெங்கெல்லாம் இடம் தவறித் தங்கும், படங்களோடு சொல்லுங்கள் என்று ஸ்கேன் படிக்க வந்திருக்கும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். கருக்குழாயில் தங்கும். கருப்பையின் மூலையில் தங்கும். பழைய சிசேரியன் தழும்பில், கருப்பை வாயில், சினைப்பையில், அபூர்வமாக வயிற்றுக்குள்ளேயே எங்காவது ஒட்டிக்கொள்ளும். போதுமா? மிச்சத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் படங்களைவிட அதில் இருப்பவை தெளிவானவை.

நான் முப்பத்திரண்டு வருடம் திருவண்ணாமலையில் ஸ்கேன் அறையிலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கண்ணைப் பழக்க உங்களுக்கு எத்தனையோ பேர் கிடைப்பார்கள். கண் பார்த்ததை வாய் எப்போது சொல்ல வேண்டும், கை எந்தப் பொத்தானை எப்போது அழுத்தக் கூடாது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. நான் அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு பெண் செத்துப்போனாள். அதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்து உட்காராதீர்கள். ஆகாது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். நாள் தள்ளிப்போனதை வெளியே சொல்ல மாட்டார்கள். துடிப்பு வந்த பிறகுதான் சொல்வார்கள். அதுவரை பெண்ணைப் பெற்ற வீட்டுக்குக்கூட மூச்சு விட மாட்டார்கள். அதனால் ஏழாவது வாரம் ஸ்கேனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். “துடிப்பு வந்துடுச்சாம்மா?” எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்விக்காகவே எங்கள் சென்டரில் சுவரில் ஒரு டிவி மாட்டி, ஸ்பீக்கரும் வைத்திருந்தோம். பொத்தானை அழுத்தினால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி அறை முழுக்கச் சத்தம் கேட்கும். அத்தனை சீக்கிரத்தில் அப்படிச் சத்தம் போட்டுக் காட்டத் தேவையில்லை, அந்த அலையின் சூடு இளங்கருவுக்கு ஆகாமல் போகலாம், தவிர்ப்பதே நல்லது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாலு விநாடிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் என்னை ‘சத்தம் காட்டுற டாக்டரம்மா’ என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். பொய் சொல்வானேன், அந்தப் பெயருக்காகவே சத்தத்தை முதலில் போட்டுவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

மஞ்சுளா வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. பெயரை மாற்றியிருக்கிறேன். இருபத்தெட்டு வயது. கீழ்பென்னாத்தூரில் புருஷன் சேகர், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். கல்யாணமாகி ஆறு வருடம். முன்பு ஒரு தடவை கரு வலது குழாயில் தங்கி, வேறொரு ஊரில் ஆப்பரேஷன் செய்து அந்தக் குழாயை எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் மருந்து, ஊசி, கோயில், குளம். இப்போது ஏழாவது வாரம். கூட வந்திருந்த மாமியார் ஒரு மஞ்சப்பையில் பழைய ரிப்போர்ட் அத்தனையையும் போட்டு மார்போடு அணைத்தபடி நின்றார். மருமகளை மஞ்சு மஞ்சு என்றுதான் கூப்பிட்டார். மாமியார் என்றாலே வில்லி என்று நினைக்கிற ஆள் யாராவது இங்கே இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அந்த அம்மாள் அவளைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தார்.

பழைய ரிப்போர்ட்டைப் படித்தேன். குழாய் எடுத்த கேஸ் என்று மனசில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? வயிற்றில் கருவியை வைத்ததும் திரையில் துளியூண்டு ஒன்று மினுக்மினுக்கென்று அடித்தது. மாமியார் கேட்டார், “வந்துடுச்சாம்மா?” என் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது.

அறை முழுக்கச் சத்தம். அந்த அம்மாள் சத்தம் கேட்ட திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். சேகர் மோட்டார் கிரீஸ் போகாத இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, “அடிக்குது, அடிக்குது” என்றான். மஞ்சுளா படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே கருவியைத் திருப்பினேன்.

கருப்பையின் நடு அறை காலியாக இருந்தது. கருப்பையின் வலது மூலையில், குழாய் சதைக்குள் நுழையும் இடத்தில், கரு ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வெளிப்பக்கம் இருந்த சதை வெங்காயத் தோல் மாதிரி. மறுபடி மறுபடி பார்த்தேன். உள் ஸ்கேனுக்கு அவளிடம் சம்மதம் கேட்டு, அதிலும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. இந்த இடத்தில் தங்கிய கரு, குழாயில் தங்கியதைப்போலச் சீக்கிரம் வலி காட்டாது. சதை கொஞ்சம் விரிந்து கொடுக்கும். எட்டு, ஒன்பது, பத்து வாரம்கூட ஒன்றுமில்லாததுபோல் வளரும். பிறகு ஒருநாள் வெடிக்கும். பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகிற இடம். வெடித்தால் ஆளைக் காப்பாற்ற நேரம் கிடைக்காது.

அன்றைக்கு வழி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தமெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் நிதானமாக அதை எடுத்திருக்கலாம். கருப்பை மிஞ்சியிருக்கும். அவள் மிஞ்சியிருப்பாள்.

அவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். கரு இருக்கிற இடம் சரியில்லை, கருப்பைக்கு நடுவில் இல்லாமல் மூலைச் சதையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, வளர வளர வெடித்துவிடும், உடனே எடுத்தாக வேண்டும் என்றேன்.

மாமியாருக்கு முதலில் புரியவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னாம்மா சொல்றீங்க? இப்பதான துடிக்குதுன்னு காட்டினீங்க?” என்றார்.

“துடிக்குதும்மா. ஆனா இருக்கிற எடம் தப்பு.”

“குழாய்லன்னு சொல்றீங்களா? அந்தப் பக்கம் குழாயே இல்லயே மேடம்!” என்றான் சேகர். “வலது பக்கம் எடுத்தாச்சுனு ரிப்போர்ட்லயே இருக்குதே. இல்லாத குழாய்ல எப்படிங்க போய் மாட்டும்?”

“செவத்துக்கு வெளிய இருக்கிற பைப்பை அறுத்து எடுத்தாலும், செவத்துக்குள்ள ஒரு துண்டு இருக்கும் இல்ல? அந்தத் துண்டுலதான் இருக்கு சேகர்.”

அது அவனுக்குப் புரிந்தது. முகம் செத்துப்போனது. ஆனால் அந்த அம்மாள் விடவில்லை. “துடிக்கிற உசிரு. எங் காதால கேட்டேன். நீங்கதான் கேக்க வெச்சீங்க. இப்ப நீங்களே எடுக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு எப்படிம்மா வாய் வருது?”

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? முன்பு குழாயில் தங்கியபோது இதே குடும்பம் மறுபேச்சு பேசாமல் ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கொண்டது. அப்போது அது அவர்களுக்கு ஒரு கட்டி, ஒரு வியாதி. இந்தத் தடவை அதைப் பிள்ளையாக்கிக் கையில் கொடுத்தவள் நான். இடத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல், டிவியையும் அணைத்துவிட்டுச் சொல்லியிருந்தால் அழுதுகொண்டே போயிருப்பார்கள். ஆனால் போயிருப்பார்கள்.

அத்தோடு விட்டேனா? இல்லை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, கூட வேலை செய்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வெளியே பதினாலு பேர் காத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கண்ணுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்மா, இன்னொரு தபா பாருங்க” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். என் கண்ணையா சொல்கிறாய் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்மேல நம்பிக்கை இல்லன்னா எங்க வேணா போய்ப் பாத்துக்கோங்க!” என்றேன்.

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்னது சொன்னதுதான். அந்த அம்மாள் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். என் ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். ஆபத்து என்று சிவப்பில் கோடு போட்டேன். அவர்களை என்னிடம் அனுப்பிய லேடி டாக்டருக்கு அப்போதே போன் செய்து சொன்னேன். அவரும் அவர்களுக்கு இரண்டு மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

நான் சொன்னபடியே வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே வயிற்றின் மேலாக மட்டும் பார்த்து, கருப்பைக்குள் ஒரு கரு, துடிப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவரும் முதலில் துடிப்பைத்தான் தேடியிருப்பார். கிடைத்ததும் கையை எடுத்திருப்பார்.

நான் சேகருக்குப் போன் போட்டபடியே இருந்தேன். ஒருநாள் எடுத்தான். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மீட்டர் ரெண்டு ரீடிங் காட்டுச்சுன்னா எதை நம்புறது? ஒண்ணு எடுத்துடுன்னுது, ஒண்ணு இருக்கட்டும்னுது. எங்கம்மா சாப்பிட மாட்டேங்குது. நான் இன்னா பண்ணட்டும்?” என்றான். மூன்றாவதாக ஓர் இடத்தில் காட்டு, நானே கூட வருகிறேன் என்றேன். “பாக்கலாங்க மேடம்” என்று வைத்துவிட்டான்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கே போனேன். கடையில் சேகர் இல்லை, வேலைக்கு எங்கோ போயிருந்தான். கடைக்குப் பின்னால்தான் வீடு. மாமியார் என்னைப் பார்த்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். மஞ்சுளா பின்பக்கம் உட்கார்ந்து விதைக்காக வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாள். முகம் மஞ்சள் பூசிக் குளித்துப் பளபளவென்று இருந்தது. வாந்தி நின்றுவிட்டதாம். பசிக்கிறதாம்.

“மல்லாட்ட வேவ வெச்சது இருக்குது, சாப்பிடுறீங்களா மேடம்?” என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“எனக்குத் தெரியும் மேடம். நீங்க சொன்னது நெசம்.”

“தெரியுமா? அப்புறம் ஏம்மா இப்படி உக்காந்திருக்கே?”

“அன்னைக்குச் சத்தம் கேக்கும்போது நீங்க சிரிச்சீங்க. அப்புறம் அந்தக் கருவியத் திருப்பினீங்க. உங்க மூஞ்சி மாறிப்போச்சு. அத நான் பாத்துட்டேன். அவங்க யாரும் பாக்கல.” கடலையை உரிப்பதை அவள் நிறுத்தவில்லை. “போன தபா ஆப்பரேஷன் பண்ணிட்டு வெறும் வயித்தோட வந்தேன் மேடம். ஆறு மாசம் அத்த எங்கிட்ட ஒரு வார்த்த கடிஞ்சு பேசல. நல்லாதான் பாத்துக்கிச்சு. அதான் தாங்க முடியல. இப்ப அது எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடுச்சு. துடிப்பு கேட்டுட்டேன், கேட்டுட்டேன்னு. இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்னு இருக்கேன். எத்தினி வாரம் தாங்கும்?”

“தாங்காது மஞ்சுளா. வெடிச்சா நீ இருக்க மாட்டே. கிளம்பு. கார் நிக்குது. இப்பவே போலாம்.”

அவள் மடியிலிருந்த கடலைத் தோலை உதறினாள். பிறகு சரி என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் இன்றைக்கு இல்லை என்றாள். வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும், அத்தையிடம் அவர் பக்குவமாகச் சொல்ல வேண்டும். “நாளைக்கு அஷ்டமி. நாளன்னைக்குச் செவ்வாக்கெழம. ஆப்பரேஷன்னு கெளம்பினா அத்த ஒப்பாது. புதன்கெழம காலைல மொத வண்டிக்கு வந்துடறேன் மேடம். சத்தியமா வர்றேன்.”

நான் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன்? இந்த ஒரு கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. இரண்டரை வாரம் தாங்கியது இன்னும் மூன்று நாள் தாங்காதா என்று ஒரு அசட்டுக் கணக்கு. அதைவிட, இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறாள், இப்போது வற்புறுத்தி, மாமியார் வெளியே வந்து சண்டை பிடித்து, கிடைத்ததும் போய்விடுமோ என்ற பயம். அஷ்டமியாவது செவ்வாயாவது என்று அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தக் கூடாத இடத்தில் கத்தினேன், கத்த வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். புதன்கிழமைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பேசி வைத்தேன். வலி, மயக்கம், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் வருகிற தோள்பட்டைக் குத்தல் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடு என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். அவளிடம்தான் சொன்னேன். உள்ளே இருந்த அந்த அம்மாளிடம் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மஞ்சுளா துணி காயப்போடும்போது மயங்கி விழுந்திருக்கிறாள். மாமியார் தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்து, மசக்கை மயக்கம்தான் என்று உப்புப் போட்ட மோர் கொடுத்திருக்கிறார், விசிறியிருக்கிறார். அவள் தோள் வலிக்கிறது என்று ஏதோ முனகியிருக்கிறாள். துணி பிழிந்த வலி என்று தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார். அந்தக் கையில் அத்தனை பாசம். தெரிய வேண்டியதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சேகர் வந்து பார்த்து வண்டியில் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நாடியே இல்லாமல் வந்தவளை மேஜையில் ஏற்றி வயிற்றைத் திறந்தார்கள். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியது நிற்கவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

பிரசவம், கர்ப்பம் சம்பந்தமான சாவு என்றால் மாவட்டத்தில் கூட்டம் போட்டு விசாரிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். சில வாரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய மேஜை. ஒரு பக்கம் அதிகாரிகளும் டாக்டர்களும். கடைசி நாற்காலியில் சேகர், மொட்டைத் தலையோடு. அந்த அம்மாள் வரவில்லை, படுத்த படுக்கையாகிவிட்டார் என்றார்கள்.

என் ரிப்போர்ட்டைச் சத்தமாகப் படித்தார்கள். ஏழாவது வாரத்திலேயே மிகச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார், ஆபத்து என்று எழுதியிருக்கிறார், வீட்டுக்கே தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறார், இவரைப்போல் எல்லோரும் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நாலு பேர் தலையாட்டினார்கள். நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று சேகரைக் கேட்டார்கள்.

அவன் எழுந்து நின்றான். “மேடம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நாங்கதான் கேக்கல. நான்தான் கேக்கல” என்று சொல்லி எனக்கு ஒரு கும்பிடு போட்டான்.

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். இடத்தைப் பார்க்குமுன் சத்தத்தைப் போட்டது நான், எங்கே வேண்டுமானாலும் போ என்று விரட்டியது நான், புதன்கிழமைக்குச் சரி என்றது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இல்லாத இந்த மூன்றையும் அந்த மேஜையில் வைக்க என் ஒருத்தியால்தான் முடியும். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் சேகர் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். அன்னைக்கு நீங்க சொன்னதும் நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருந்தா, அவ பொழைச்சிருப்பாளா?”

“பிழைச்சிருப்பா” என்றேன்.

அது உண்மை. மறைக்கக் கூடாது என்று சொன்னேன். என் பங்கு உண்மையை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

“சரிங்க மேடம்” என்றான். கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.